நீதிமன்றத்தைக் கண்காணிப்பவர் யார்?

கும்ப மாதத்தில் ஆற்றுக்கால் பொங்கல் விழா வரும்போது திருவனந்தபுரத்துத் தெருக்களெல்லாம் அடுப்புப் புகையால் நிறைந்து விடுகின்றன. நம் இல்லத்துப் பெண்டிரும் செங்கல் மூன்று கூட்டிப் பானை வைத்து அவ்வரிசையில் அமர்கின்றனர். ஆங்கு எழுந்தருளியிருக்கும் பகவதி, மதுரையை விட்டு நீங்கி மேற்றிசை நோக்கி வந்த கண்ணகியே என்பது இந்நகரத்தார் வழிவழியாகப் போற்றி வரும் நம்பிக்கை. அக்கதையைக் கற்பின் பெருமைக்காக நாம் பன்முறை நினைந்திருக்கிறோம். இன்று ஒரு முறை வேறொரு நோக்குடன் அதனை நினைத்துப் பார்ப்போம்.

கோவலனும் கண்ணகியும் யாவர்? சொந்த ஊரில் பொருளை இழந்து, பிழைப்புத் தேடி வேற்றூருக்கு வந்த குடும்பத்தார். அவ்வூரில் அவர்களுக்காகப் பேசுவோர் ஒருவரும் இல்லை. பொற்கொல்லன் ஒருவன் கூறிய சொல்லை நம்பி, தீர விசாரியாமல், மன்னன் ஆணையிட்டான். ஆணையும் உடனே நிறைவேறியது. மேலே சென்று முறையிடுவதற்கு ஓர் இடம் இருக்கவில்லை. சிலம்பை உடைத்துக் காட்டிய பின்னரே பிழை வெளிப்பட்டது. அப்போது கோவலன் உயிருடன் இல்லை. பாண்டியன் தீயவன் அல்லன். தன் பிழையை அறிந்தவுடன் உயிரையே விட்டவன். ஆயினும் ஒரு நல்லவனுடைய தீர்ப்பையும் திரும்பிப் பார்ப்பதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதை அக்கதை நமக்கு உணர்த்துகிறது.

நாமும் பிழைக்க வந்தவர்களே. நம்மில் சிலர் மூன்று தலைமுறையாக இங்கே வாழ்கிறோம். சிலர் சென்ற ஆண்டுதான் வந்தோம். ஆகவே, நீதி வழங்கும் இடத்தை யார் நடத்துகின்றனர், நீதிபதிக்கு மேலே யார் இருக்கின்றனர், அங்கே தவறு நேர்ந்தால் எவரிடம் சொல்வது என்னும் கேள்விகள் மற்றவர்களைக் காட்டிலும் நமக்கு நெருக்கமானவை.

சாலைக் கம்போளத்தில் வாடகைக்கு ஒரு சிறு பலசரக்குக் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவரை எண்ணிக் கொள்வோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். இருபது ஆண்டு வியாபாரம். ஒரு நாள் கோர்ட்டு அமீன் கடை வாசலில் வந்து நின்று, மலையாளத்தில் எழுதிய ஒரு காகிதத்தில் கையொப்பம் வாங்கிக் கொண்டு போகிறார். கட்டிடத்துக்காரர் கடையைக் காலி செய்யக் கேட்டு வழக்குத் தொடுத்திருக்கிறார். செய்தி கம்போளத்தில் பரவுகிறது. “எம்.எல்.ஏ.யைப் பார்த்தால் போதும்” என்கிறார் ஒருவர். “கோர்ட்டில் எனக்கு வேண்டியவர் இருக்கிறார், ஒரு தொகை கொடுத்தால் முடித்துத் தருகிறேன்” என்கிறார் மற்றொருவர். “போகாமலே இருந்து விடும், தானாக ஆறிப்போகும்” என்கிறார் மூன்றாமவர். மூவர் சொல்லும் தவறு. அது ஏன் தவறு என்பதைத் தெரிந்து கொள்ள வேண்டுமாயின், நீதிமன்றம் யாருடைய ஆட்சியில் இருக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மன்ரோ துரை வகுத்த பிரிவினை

பழைய திருவிதாங்கூரில் வரி வாங்கும் அதிகாரியே வழக்கையும் தீர்த்து வந்தார். காரியக்கார் எனப்பட்ட அவ்வதிகாரியிடம் தீர்வையும் தீர்ப்பும் ஒரே கையில் இருந்தன. வரி பாக்கி விஷயத்தில் அவர்மீதே ஒரு குடியானவனுக்குக் குறை இருந்தால், அக்குறையையும் அவரிடமே சொல்ல வேண்டிய நிலை.

1810-இல் ரெசிடெண்டாக வந்து, 1811-இல் ராணி கௌரி லட்சுமி பாயியின் ஆட்சியில் திவானாகவும் பொறுப்பேற்ற கர்னல் மன்ரோ இந்த முறையை மாற்றினார். காரியக்கார்கள் தாசில்தார்களாயினர், வரி வேலை மட்டும் அவர்களுக்கு விடப்பட்டது. வழக்குகளை விசாரிக்கப் பத்மநாபபுரம், திருவனந்தபுரம், மாவேலிக்கரை, வைக்கம், ஆலுவா ஆகிய ஐந்து இடங்களில் ஜில்லாக் கோர்ட்டுகள் ஏற்பட்டன. அவற்றின் தீர்ப்புகளின்மேல் முறையீடு கேட்க ஓர் அப்பீல் கோர்ட்டும் பின்னர் அமைந்தது. வேற்று நாட்டு அதிகாரி ஒருவர் தம் ஆதிக்கத்தைக் கொண்டு செய்த மாறுதல்தான் அது. ஆயினும் அதன் பயன் நிலைத்தது. ஆட்சி செய்பவன் வேறு, தீர்ப்புச் சொல்பவன் வேறு என்னும் கொள்கை இந்நாட்டில் அன்று வேரூன்றியது.

1887-இல், ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில், ஐந்து நீதிபதிகளுடன் திருவிதாங்கூர் ஹைகோர்ட்டு திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைமை நீதிபதியாக அமர்ந்தவர் ராமச்சந்திர ஐயர். இந்து தர்ம சாஸ்திரத்தில் ஐயம் எழும்போது விளக்கம் கூறுவதற்கென ஒரு பண்டிதரும் அந்த மன்றத்தில் இருந்தார்.

தலைநகரம் இங்கே, உயர்நீதிமன்றம் அங்கே

1949-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு என்றும், உயர்நீதிமன்றம் எர்ணாகுளத்துக்கு என்றும் ஏற்பாடாயிற்று. அம்மாதம் 7-ஆம் தேதி எர்ணாகுளத்தில் ராம் மோகன் அரண்மனையில் திருவிதாங்கூர்-கொச்சி உயர்நீதிமன்றம் தொடங்கியது. 1956 நவம்பர் முதல் தேதி கேரளம் பிறந்தபோது அதுவே கேரள உயர்நீதிமன்றமாயிற்று. கே.டி. கோஷி அதன் முதல் தலைமை நீதிபதி. 2006-இல் புதிய பெருங்கட்டிடம் எழுந்தது. லட்சத்தீவும் இம்மன்றத்தின் எல்லைக்கு உட்பட்டது.

அதே நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் செங்கோட்டைப் பகுதியும் அந்நாளைய சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தன. மன்ரோ அமைத்த ஐந்து கோர்ட்டுகளில் ஒன்று இருந்த பத்மநாபபுரம் இவ்வாறு வேறோர் உயர்நீதிமன்றத்தின் கீழ்ச் சென்றது. 2004 முதல் அப்பகுதி வழக்குகள் மதுரைக் கிளைக்குப் போகின்றன. நம் சங்கத்துக் குடும்பங்களில், ஊரில் உள்ள நிலத்துக்கு மதுரையிலும் இங்குள்ள கடைக்கு எர்ணாகுளத்திலும் அப்பீல் செய்ய வேண்டியவர்கள் இருப்பதற்குக் காரணம் இதுவே.

தலைநகரத்திலிருந்து எர்ணாகுளம் சுமார் 200 கிலோமீட்டர். திருவனந்தபுரத்துக்கு ஒரு கிளை மன்றம் வேண்டும் என்னும் கோரிக்கை பல முறை எழுந்தும் இன்றுவரை நிறைவேறவில்லை. ஏழைக்கு அத்தூரம் பெரியது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அத்தூரத்தில் ஒரு நன்மையும் தற்செயலாக அமைந்திருக்கிறது. செக்ரட்டேரியட் இருக்கும் ஊரில் உயர்நீதிமன்றம் இல்லை. மந்திரிகளின் வீதியும் நீதிபதிகளின் வீதியும் வேறு வேறு.

‘கட்டுப்பாடு’ என்னும் ஒரு சொல்

வஞ்சியூரில் உள்ள ஜில்லாக் கோர்ட்டும், நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு, ஆற்றிங்கல் முதலிய இடங்களில் உள்ள கோர்ட்டுகளும் யாருக்குக் கீழ்ப்பட்டவை? கட்டிடம் கட்டப் பணம் தருவது சர்க்கார். சம்பளம் தருவதும், புதிய கோர்ட்டுக்கு அனுமதி தருவதும் சர்க்கார். ஆகவே கோர்ட்டும் ஒரு சர்க்கார் இலாகா என்று எண்ணுவோர் பலர். நம் அரசியல் சட்டம் அவ்வாறு சொல்லவில்லை.

ஜில்லா நீதிபதிகளை நியமிப்பவர் கவர்னர். ஆனால் உயர்நீதிமன்றத்தைக் கலந்தே நியமிக்க வேண்டும் என்கிறது 233-ஆம் பிரிவு. ஜில்லாக் கோர்ட்டுகளின்மீதும் அவற்றுக்குக் கீழ்ப்பட்ட கோர்ட்டுகளின்மீதும் உள்ள கட்டுப்பாடு உயர்நீதிமன்றத்தைச் சார்ந்தது என்கிறது 235-ஆம் பிரிவு. கீழ்நிலை நீதிபதியை எந்த ஊரில் அமர்த்துவது, எப்போது உயர்த்துவது, விடுமுறை தருவதா என்பவற்றை முடிவு செய்வது உயர்நீதிமன்றமே. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சையையும் கேரளத்தில் அதுவே நடத்துகிறது.

‘கட்டுப்பாடு’ என்னும் அச்சொல்லின் பொருள் என்ன என்பது ஒரு வழக்கில் தீர்க்கப்பட வேண்டியதாயிற்று. மேற்கு வங்காளத்தில் நிருபேந்திரநாத் பாக்ஷி என்னும் கூடுதல் ஜில்லா நீதிபதிமீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. சர்க்காரே விசாரணை அதிகாரியை வைத்து விசாரித்து, அவரை வேலையிலிருந்து நீக்கியது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. நீதிபதிமீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் ‘கட்டுப்பாடு’ என்பதில் அடங்கும். அது உயர்நீதிமன்றத்துக்கு உரியது, சர்க்காருக்கு உரியது அன்று என 1965-இல் நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதிய தீர்ப்புக் கூறியது. நீக்கும் ஆணையில் கையொப்பம் கவர்னருடையதாக இருக்கலாம். ஆனால் விசாரித்து முடிவு கூறுவது உயர்நீதிமன்றம்.

1974-இல் பஞ்சாப் வழக்கு ஒன்றில் இதற்கு மறுபக்கமும் வெளிப்பட்டது. அங்கே உயர்நீதிமன்றமே ஒரு கீழ்நிலை நீதிபதியைப் பற்றிய விசாரணையைச் சர்க்காரின் விஜிலென்ஸ் இலாகாவிடம் விட்டிருந்தது. இது முறையன்று என்று உச்சநீதிமன்றம் கண்டித்தது. கீழ்நிலை நீதிபதிகள் ஒழுங்குக்கு மட்டுமன்றித் தங்கள் கௌரவத்துக்கும் உயர்நீதிமன்றத்தையே நம்பியிருக்கின்றனர் என்பது அத்தீர்ப்பின் கருத்து. தண்டிக்கும் கையே காக்கும் கையாகவும் இருத்தல் வேண்டும்.

நம் சாலைக் கடைக்காரருக்கு இதனால் என்ன பயன்? கட்டிடத்துக்காரர் செல்வாக்கு மிகுந்தவராக இருக்கலாம். மந்திரி வீட்டுத் திருமணத்தில் முன்வரிசையில் அமர்பவராக இருக்கலாம். ஆனால் வழக்கைக் கேட்கும் நீதிபதியை மாற்றவோ, உயர்த்தவோ, தாழ்த்தவோ அந்த மந்திரிக்கு அதிகாரம் இல்லை. வந்தவனுக்கும் வாழ்ந்தவனுக்கும் அந்த மன்றத்தில் ஒரே உயரத்தில் நாற்காலி போடப்படுவதற்கு இந்த ஏற்பாடே அடிப்படை. “எம்.எல்.ஏ.யைப் பார்த்தால் போதும்” என்ற யோசனை தவறாவதற்கும் காரணம் இதுதான்.

கண்காணிப்பு நடைபெறும் முறை

உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி நிர்வாகத்துக்கும் தலைவர். ஒவ்வொரு ஜில்லாவின் பொறுப்பும் ஓர் உயர்நீதிமன்ற நீதிபதியிடம் ஒப்படைக்கப்படுகிறது. ரெஜிஸ்திரார் ஜெனரலும் அவருக்குக் கீழ்ப்பட்ட ரெஜிஸ்திரார்களும் அன்றாடக் காரியங்களை நடத்துகின்றனர். நீதித்துறையினர்மீது வரும் புகார்களுக்கென விஜிலென்ஸ் ரெஜிஸ்திரார் ஒருவர் இருக்கிறார்.

ஜில்லாவுக்குள்ளே ஜில்லா நீதிபதியே தலைவர். காலையில் வழக்குக் கேட்கும் அவர், மாலையில் நிர்வாகக் கோப்புகளைப் பார்க்கிறார். முன்சீப் கோர்ட்டு முதல் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு வரை எத்தனை வழக்குகள் வந்தன, எத்தனை முடிந்தன, பழைய வழக்குகள் ஏன் தேங்குகின்றன என்னும் கணக்குக் காலந்தோறும் மேலே செல்ல வேண்டும். கீழ்க்கோர்ட்டுகளை அவர் நேரில் சென்று சோதனையிடுகிறார். சிரஸ்தார், நாஜர், குமாஸ்தா, அமீன் எனக் கோர்ட்டு வேலையில் உள்ளவர் அனைவரும் இந்த மேற்பார்வைக்கு உட்பட்டவர்கள். 1971-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறை விதிகளும் 1982-ஆம் ஆண்டின் கிரிமினல் நடைமுறை விதிகளும், எந்தக் காகிதம் எந்த ஏட்டில் பதியப்பட வேண்டும் என்பது வரை வகுத்துச் சொல்கின்றன.

மேற்பார்வை என்பது தண்டனை மட்டும் அன்று. தகுதியுள்ளோரை மேலே கொண்டு வருவதும் அதுவே. இந்நகரத்தில் 1905-இல் பிறந்த அன்னா சாண்டி அம்மையார், பெண்கள் வழக்கறிஞர் தொழிலுக்கு வருவதே அரிதாக இருந்த நாளில் வக்கீலானார். 1937-இல் திருவிதாங்கூரில் முன்சீப்பாக நியமிக்கப்பட்டார்; 1948-இல் ஜில்லா நீதிபதியானார்; 1959 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்தார். இந்தியாவில் உயர்நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் நீதிபதி அவரே. முன்சீப்பின் சிறிய கோர்ட்டிலிருந்து படிப்படியாக ஏறிச் சென்ற அவருடைய வரலாறு நம் பெண் குழந்தைகளுக்குச் சொல்லத் தக்கது.

தீர்ப்பு வேறு, நடத்தை வேறு

இங்கே ஒரு வேற்றுமையை நன்கு மனத்தில் கொள்ளுதல் வேண்டும். நம்மவர் பலர் இடறுவது இவ்விடத்தில்தான்.

நீதிபதி தீர்ப்பில் பிழை செய்தார் என்று நாம் எண்ணினால், அதற்கு வழி அப்பீல். நீதிபதியோ கோர்ட்டு ஊழியரோ நடத்தையில் தவறினார் என்றால், அதற்கு வழி புகார். தோற்றவர் ஒவ்வொருவரும் நீதிபதிமீது புகார் எழுதத் தொடங்கினால், எந்த நீதிபதியும் அஞ்சாமல் தீர்ப்புக் கூற முடியாது. தனக்கு மேலுள்ளவரிடமிருந்து ‘இப்படித் தீர்’ என்று உத்தரவு பெறும் நீதிபதி நீதிபதி அல்லர். ஆகவே கட்டுப்பாடு என்பது, நீதிபதி எப்படி நடந்து கொள்கிறார் என்பதைப் பார்ப்பது. எந்த வழக்கை யாருக்குச் சாதகமாக முடிக்க வேண்டும் என்று சொல்வது அன்று.

இதற்கிடையே மூன்றாவதாக ஓர் அதிகாரமும் உண்டு. தன் எல்லைக்குள் உள்ள கோர்ட்டுகள், தீர்ப்பாயங்கள் அனைத்தின்மீதும் உயர்நீதிமன்றத்துக்கு மேற்பார்வை உண்டு என்கிறது 227-ஆம் பிரிவு. இதன் அளவு என்ன என்பதை 1954-இல் உச்சநீதிமன்றம் விளக்கிய வழக்கு, ஒரு வாடகை வழக்கே என்பது நம் கடைக்காரர் கவனிக்கத் தக்கது. வரியாம் சிங் என்பாரின் அவ்வழக்கில் இரண்டு முடிவுகள் கூறப்பட்டன. இந்த மேற்பார்வை நிர்வாகத்தை மட்டுமன்றித் தீர்ப்புகளையும் தழுவும். ஆனால் ஒவ்வொரு சிறு பிழையையும் திருத்துவதற்காக அதனைப் பயன்படுத்தலாகாது, கீழ்க்கோர்ட்டுத் தன் அதிகார எல்லையை மீறாமல் காப்பதற்கே அது உரியது.

புகார் எழுதுவதற்கும் முறை உண்டு. பெயரில்லாத மொட்டைக் கடிதத்துக்கு மதிப்பில்லை. பெயரும் விலாசமும் எழுதி, பிரமாணப் பத்திரத்துடன், சோதித்து அறியக் கூடிய விவரங்களைத் தந்து, உயர்நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். “எல்லோரும் சொல்கிறார்கள்” என்பது விவரம் அன்று. எந்தத் தேதி, எந்த வழக்கு எண், யார், என்ன என்பனவே விவரம்.

வேறு சில குறைகளுக்கு வேறு வாசல்கள் உண்டு. வக்கீல்மீது குறையாயின், 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டப்படி பார் கவுன்சிலில் சொல்ல வேண்டும். போலீஸாரும் சர்க்கார் வக்கீலும் சர்க்காரின் கீழ்ப்பட்டவர்கள். அவர்களைப் பற்றிய குறை கோர்ட்டு நிர்வாகத்தைச் சேர்ந்தது அன்று. தவறான வாசலைத் தட்டிக் காலம் கழிப்பதால் சரியான வாசலின் தவணை கடந்து போகிறது.

இனி, “எனக்கு வேண்டியவர் இருக்கிறார், தொகை கொடு” என்ற இரண்டாவது மனிதரைப் பற்றி ஒரு சொல். பெரும்பாலும் இத்தகையவர் நீதிபதியின் முகத்தைக்கூட அருகில் கண்டிருக்க மாட்டார். இருவரிடமும் பணம் வாங்குவார். வென்றவரிடம் தம்மால் வந்தது என்பார். தோற்றவரிடம் எதிரி அதிகம் கொடுத்து விட்டான் என்பார். கொடுத்தவரும் குற்றவாளியாவதால் வெளியே சொல்லவும் முடியாது. நம் மொழியிலேயே இனிமையாகப் பேசி நம்மை அணுகுவோர் இவர்களுள் இருக்கலாம், எச்சரிக்கையாயிருத்தல் நலம்.

கடைக்காரர் செய்ய வேண்டுவது

முதலாவது, சம்மனில் கண்ட தேதியில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பாகி விடும். “தானாக ஆறிப்போகும்” என்ற மூன்றாமவர் யோசனையால் கடை இழந்த குடும்பங்கள் உண்டு.

இரண்டாவது, சட்டம் தமக்கு என்ன பாதுகாப்புத் தருகிறது என்பதை வக்கீலிடம் கேட்க வேண்டும். கேரளக் கட்டிட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1965-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அச்சட்டம் நடைபெறும் இடங்களில், அதன் 11-ஆம் பிரிவில் கூறிய காரணங்களுள் ஒன்று இருந்தாலன்றிக் குடியிருப்பவரை வெளியேற்ற இயலாது. வாடகை பாக்கி காரணமாக உத்தரவாயின், ஒரு மாதத்துக்குள் பாக்கியை வட்டியுடனும் செலவுடனும் கட்டினால் உத்தரவு ரத்தாகும். கட்டிடத்துக்காரர் தமக்கே உண்மையாகத் தேவை என்று கேட்டாலும், குடியிருப்பவர் அக்கடை வியாபாரத்தையே முக்கிய ஜீவனமாக நம்பியிருந்து, அப்பகுதியில் வேறு தகுந்த கட்டிடமும் கிடைக்காதென்றால், அவருக்குப் பாதுகாப்பு உண்டு. இவ்விரண்டையும் நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. ஆகவே வாடகை ரசீதுகளையும், லைசென்சுகளையும், கணக்குப் புத்தகங்களையும் கட்டி வைத்துக் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, தவணை. வாடகைக் கோர்ட்டின் உத்தரவின்மேல் 30 நாட்களுக்குள் அப்பீல் செய்ய வேண்டும். அதன் மேல் உயர்நீதிமன்றத்தில் ரிவிஷன் உண்டு. உத்தரவின் சர்டிபைடு நகலுக்கு உடனே மனுப் போடுதல் அவசியம்.

நான்காவது, தம் வழக்கைத் தாமே கவனித்தல். இன்று ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட ஓர் அடையாளம் உண்டு, சி.என்.ஆர். எண் என்பர். அதைக் கொண்டு அடுத்த வாய்தா என்று, சென்ற வாய்தாவில் என்ன நடந்தது என்பதை வீட்டிலிருந்தே கைப்பேசியில் பார்க்கலாம். நம் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். கண்காணிப்பு என்பது மேலிருந்து மட்டும் வருவதன்று. வழக்காடுவோனின் கண்ணும் அதில் சேர்ந்ததே.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர் என்ன செய்வது? பாலக்காட்டில் பிறந்து, 1957-இல் கேரளத்தின் முதல் மந்திரிசபையில் சட்ட மந்திரியாகவும், பின்னர் உயர்நீதிமன்றத்திலும் உச்சநீதிமன்றத்திலும் நீதிபதியாகவும் விளங்கிய வி.ஆர். கிருஷ்ணய்யர், 1973-இல் ஏழைகளுக்கான சட்ட உதவி பற்றிய அறிக்கையைத் தந்த குழுவின் தலைவர். அந்த எண்ணம் 1987-ஆம் ஆண்டுச் சட்டமாக மலர்ந்து 1995 நவம்பர் 9-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் உள்ளோர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவிக்கு உரியவர். மற்றவர்க்கு வருமான வரம்பு உண்டு. ஜில்லாவிலும் தாலுக்காவிலும் இதற்கென அமைப்புகள் இருக்கின்றன. 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். இருவரும் இணங்கினால் லோக் அதாலத்தில் முடித்துக் கொள்ளலாம். அங்கே ஏற்பட்ட முடிவுக்கு அப்பீல் இல்லை; ஆகவே யோசித்துக் கையொப்பமிடுக.

நம் மொழி

கேரளத்தின் கீழ்க்கோர்ட்டுகளில் மலையாளமும் ஆங்கிலமும் வழங்குகின்றன, உயர்நீதிமன்றத்தில் ஆங்கிலம். தமிழ் மட்டும் அறிந்தவர் மௌனமாக நிற்க வேண்டியதில்லை. கிரிமினல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் எதிரில் இருக்கும்போது, அவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் நடந்தால், அதை அவருக்குப் புரியும் மொழியில் திறந்த கோர்ட்டிலேயே பெயர்த்துச் சொல்ல வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இதை அவ்வாறே வைத்திருக்கிறது. “எனக்கு விளங்கவில்லை” என்று சொல்வது அவமரியாதை அன்று, அது உரிமை. விளங்காத காகிதத்தில் கையொப்பமிடுவதே பிழை.

கேரள அரசாங்க மொழிச் சட்டம் 1969-இல் வந்தது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் செக்ரட்டேரியட்டுக்கும் இலாகாத் தலைவர்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம். பதிலும் அம்மொழியில் வர வேண்டும் என அது கூறுகிறது. சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் ஆபீசுகளுக்கும் இவ்வாறே எழுதலாம். இது சர்க்கார் ஆபீசுகளைப் பற்றியதேயன்றிக் கோர்ட்டைப் பற்றியது அன்று என்பதையும் அறிந்து கொள்க. அதனால்தான், இங்கே வளரும் நம் குழந்தைகள் தமிழை மறவாமலும் மலையாளத்தை நன்றாகவும் கற்க வேண்டும் என்று இச்சங்கம் வற்புறுத்தி வருகிறது. ஊரின் மொழி அறிந்தவனை எந்த இடைத்தரகனும் ஏமாற்ற முடியாது.

தீராத குறைகள்

இவ்வளவும் சொன்னபின் குறையையும் மறைத்தலாகாது. நாடு முழுதும் கீழ்க்கோர்ட்டுகளில் 4 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கி நிற்கின்றன. 10 இலட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகளாவது வேண்டும் என்று 2002-இல் உச்சநீதிமன்றம் கூறியது. இன்றும் அதில் பாதியை எட்டவில்லை. கணக்குக் கேட்பவர் மேலே இருந்தும், வேலை செய்யக் கீழே போதிய ஆள் இல்லையென்றால் கணக்கு மட்டும் என்ன செய்யும்? பணமும் இடமும் தர வேண்டியது சர்க்கார். வேலை வாங்க வேண்டியது உயர்நீதிமன்றம். இருவரிடையே கடிதங்கள் போய் வரும் காலத்தில் காத்திருப்பவன் வழக்காடி. கட்டுப்பாடு முழுதும் நீதிபதிகளிடமே இருப்பதால் வெளியார்க்கு அதன் நடைமுறை தெரிவதில்லை என்று சொல்வோரும் உண்டு. அதில் நியாயம் இல்லாமலில்லை.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. செக்கு வழக்குகளைக் காகிதமின்றி எந்நேரமும் பதிவு செய்து நடத்தும் ஒரு புதுவகைக் கோர்ட்டு 2024 நவம்பரில் நம் அண்டை ஊராகிய கொல்லத்தில் வேலை தொடங்கியது. இந்தியாவில் இத்தகையது அதுவே முதலாவது. செக்குத் திரும்பி வந்த வியாபாரிகளுக்கு அதன் அருமை தெரியும்.

சாலைக் கடைக்காரர் வழக்கில் வெல்வாரா, தோற்பாரா? அதை நாம் சொல்ல முடியாது. கட்டிடத்துக்காரர் பக்கமும் நியாயம் இருக்கலாம். ஆனால் அவருடைய பேச்சைக் கேட்காமல் கதவு அடைபடாது. கேட்டவர் தவறினால் மேலே கேட்க ஒருவர் உண்டு. அவரும் தவறினால் அவருக்கு மேலும் ஒருவர் உண்டு. மதுரையில் கோவலனுக்குக் கிடைக்காதது இதுதான்.

அடுத்த ஆண்டு ஆற்றுக்காலில் பொங்கல் வைக்கும்போது, அந்தப் பெண் எதற்காக நீதி கேட்டு நின்றாள் என்பதை நம் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். அதோடு, வீட்டில் எந்தப் பெட்டியில் வாடகை ரசீதுகள் இருக்கின்றன என்பதையும் காட்டி வையுங்கள்.